ழான்-பப்டிஸ்ட் ஆர்பன்

ழோசப் ழான்-பப்டிஸ்ட் லோரன் ஆர்பன் (பெப்ரவரி 28, 1825 - ஏப்ரல் 1889) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கார்னெட் இசைக்கலைஞர், இசை நடத்துனர், இசையமைப்பாளர், ஆசிரியர் ஆவார். பித்தளைக் காற்றிசைக் கருவிகளைக் கற்பிப்பதில் இவருக்கு இணையான செல்வாக்குப் பெற்ற ஆசிரியர் வேறொருவர் இல்லை எனலாம். 1864 ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட கார்னெட், சாக்சார்ன் கருவிகளுக்கான பெரும் பயிற்சி நூல் இன்றும் உலகெங்கும் டிரம்பெட் மாணவர்களின் கைகளில் உள்ளது. டிரம்பெட் கலைஞர்கள் இதைத் தங்கள் வேதநூல் என்று அழைப்பது வழக்கம். ஆர்பன் டிரம்பெட் ஆசிரியராகப் பணியாற்றியதே இல்லை. அவர் கற்பித்தவை கார்னெட்டும் சாக்சார்னும் மட்டுமே. அவ்வாறிருந்தும் இன்றைய டிரம்பெட் வாசிப்பு முறை பெரும்பாலும் அவருடைய வகுப்பிலிருந்தே கிளைத்தது.

இளமையும் கல்வியும்

ஆர்பன் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். இளம் வயதில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்து, பெல் பூல் என்னும் போர்க்கப்பலின் இசைக்குழுவில் பணியாற்றினார். நெப்போலியனின் உடல் எச்சங்களை 1840 ஆம் ஆண்டு செயிண்ட் எலனா தீவிலிருந்து பிரான்சுக்குக் கொண்டுவந்த கப்பல் இதுவேயாகும்.

1841 முதல் 1845 வரை பாரிஸ் கன்சர்வேட்டரியில் (அரசு இசைக் கல்லூரி) பிரான்சுவா தோவெர்னேயிடம் டிரம்பெட் பயின்றார். தோவெர்னே அக்கல்லூரியின் முதல் டிரம்பெட் பேராசிரியர். 1833 இல் அவ்வகுப்பு தொடங்கியது முதல் அதை நடத்தி வந்தவர். அக்காலத்தில் மாணவர்கள் வால்வு இல்லாத இயற்கை டிரம்பெட்டில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஒரே நீளமுடைய குழலில், உதடுகளின் இறுக்கத்தை மட்டும் மாற்றிச் சில சுரங்களையே எழுப்ப முடியும். கீழ்ப்பகுதியில் சுரங்களுக்கிடையே பெரும் இடைவெளிகள் இருக்கும். மேலே செல்லச் செல்லத்தான் அவை நெருங்கி வரும். இக்கருவியில் உதட்டுக் கட்டுப்பாடு இல்லாதவர் ஒரு சுரத்தைக்கூடத் துல்லியமாக வாசிக்க இயலாது. ஆர்பன் 1845 இல் இதே இயற்கை டிரம்பெட்டில்தான் கல்லூரியின் முதற் பரிசைப் பெற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய பாடங்களில் உதட்டுப் பயிற்சிக்கு அளிக்கப்பட்டுள்ள இடத்தைப் பார்க்கும்போது, ஆசிரியரின் பழைய பாடங்களை அவர் மறக்கவில்லை என்பது தெரியும்.

மதிப்புக் குறைந்த ஒரு கருவி

ஆர்பனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அவர் தேர்ந்தெடுத்த கருவியைப் பற்றிச் சற்று அறிந்திருப்பது நல்லது.

வால்வு என்னும் அமைப்பைச் செருமனியில் சுட்டோல்செல், புளூமெல் ஆகிய இருவரும் 1810களில் உருவாக்கினர். விரலால் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் குழலோடு கூடுதலாக ஒரு சிறு குழல் இணைந்து, ஓசை சற்றுத் தாழும். இந்த அமைப்பை அஞ்சல் வண்டிக்காரர்கள் ஊதிவந்த சிறிய கொம்புடன் இணைத்ததன் விளைவாக, 1830 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பாரிஸ் நகரில் கார்னெட் தோன்றியது. அன்றைய டிரம்பெட்டின் குழல் நீளமானது. பெரும்பகுதி ஒரே விட்டமுடையது. கார்னெட்டின் குழலோ குட்டையானது. ஊதுவாயிலிருந்து படிப்படியாக விரிந்து செல்வது. எனவே கார்னெட்டின் ஒலி மென்மையானது, விரைவான சுரக்கோவைகளுக்கு எளிதில் இடங்கொடுப்பது.

விரைந்து வாசிக்க வசதியாக இருந்ததே இக்கருவிக்குக் கெட்ட பெயரையும் தேடித்தந்தது. நடன அரங்குகளிலும் தெருவோர இசைக்குழுக்களிலும் கார்னெட் பெருகியது. டிரம்பெட் வாசிக்கத் தெரியாதவர்களும் இதைப் பிடித்துக்கொண்டு இசைக்குழுக்களில் இடம்பெற்றனர். புகழ்பெற்ற இசையமைப்பாளர் எக்டர் பெர்லியோஸ், 1840களில் வெளியிட்ட இசைக்குழு அமைப்பு பற்றிய நூலில், கார்னெட்டுக்கு கொம்பின் கண்ணியமும் இல்லை, டிரம்பெட்டின் கம்பீரமும் இல்லை என்ற பொருள்பட எழுதினார். அதே பெர்லியோஸ் தமது அற்புத சிம்பொனியின் நடனப் பகுதியில் கார்னெட்டுக்குத் தனியாக ஒரு பகுதியைப் பின்னர் சேர்த்தார். அது ஆர்பனின் வாசிப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது.

மேடைக் கலைஞர்

ஆர்பனுக்கு முன்மாதிரியாக இருந்தவர் ஒரு பித்தளைக் கருவிக் கலைஞர் அல்லர். வயலின் மேதை பாகானினி ஆவார். ஒரு கருவியில் இயலாது என்று எல்லோரும் கருதியவற்றைச் செய்துகாட்டி அக்கருவியின் எல்லையையே மாற்றியவர் பாகானினி. அதைக் கார்னெட்டில் செய்ய ஆர்பன் முயன்றார்.

1848 இல் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். புல்லாங்குழல் கலைஞர் தியோபால்டு போம், தம் கருவிக்காக எழுதிய கடினமான ஓர் உருப்படியைக் கன்சர்வேட்டரியைச் சார்ந்த இசைவாணர்கள் முன்னிலையில் கார்னெட்டில் வாசித்துக் காட்டினார். இரட்டை நாக்கு வீச்சு என்னும் முறையே இதைச் சாத்தியமாக்கியது. ஒவ்வொரு சுரத்தையும் து என்ற அசையால் தொடங்கினால் நாக்கு ஓரளவு வேகத்திற்கு மேல் செல்லாது. து-கு என நாக்கின் நுனியையும் பின்பகுதியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். நாதசுரம், புல்லாங்குழல் வாசிப்பில் துத்துகாரம் எனப்படும் நுட்பத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புல்லாங்குழலில் இம்முறை ஏற்கனவே இருந்தது. கார்னெட்டில் அதை இவ்வளவு தெளிவாக வாசிக்க முடியும் என்பதைத்தான் அன்று அவையோர் கண்டனர்.

இலண்டனில் புகழுடன் விளங்கிய லூயி ஜூலியனின் இசைக்குழுவில் ஆர்பன் வாசித்துள்ளார். பின்னர் பாரிசில் காசினோ காதே முதலிய அரங்குகளின் நடன இசைக்குழுக்களை நடத்தினார். 1873 இல் ஓப்பெரா அரங்கின் நடன விழாக்களையும் நடத்தினார். அக்காலத்தில் மக்களிடையே பரவியிருந்த ஓப்பெராப் பாடல்களிலிருந்து நடன இசையாக இவர் தொகுத்தவை ஏராளம். இவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் வாசிப்பதில்லை. வெனிசு நகரத் திருவிழா என்னும் நாட்டுப்புற மெட்டின்மீது இவர் அமைத்த மாறுபாடுகள் மட்டும் விதிவிலக்காக நிலைத்துவிட்டன. இதே மெட்டின்மீது பாகானினியும் வயலினுக்கு மாறுபாடுகள் எழுதியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

படைவீரர்களின் ஆசிரியர்

1845 ஏப்ரல் 22 அன்று பாரிசின் சான் தெ மார்சு திடலில் ஒரு வினோதப் போட்டி நடைபெற்றது. பழைய முறைப்படி அமைந்த படைத்துறை இசைக்குழு ஒருபுறமும், பெல்சியத்திலிருந்து வந்த கருவி வினைஞர் அடோல்ப் சாக்ஸ் தம் புதிய கருவிகளோடு அமைத்த குழு மறுபுறமும் நின்று, திரண்டிருந்த மக்கள் முன்னிலையில் வாசித்தன. சாக்சின் குழுவே மேலானதாகக் கொள்ளப்பட்டது. அதன் பயனாக, சாக்சார்ன் எனப்படும் வால்வுடைய கொம்புகள் பிரெஞ்சுப் படைப்பிரிவுகளின் இசைக்குழுக்களில் இடம்பெற்றன. கருவிகள் வந்துவிட்டன, அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் போதிய அளவில் இல்லை.

இக்குறையைத் தீர்க்கப் படைத்துறை மாணவர்களுக்கெனக் கன்சர்வேட்டரியுடன் இணைந்த தனி வகுப்புகள் ஏற்படுத்தப்பட்டன. 1857 இல் ஆர்பன் சாக்சார்ன் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். சாக்சபோன் வகுப்பை அக்கருவியை உருவாக்கிய சாக்சே நடத்தினார். 1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது இந்த வகுப்புகள் முடிவுக்கு வந்தன.

இந்தப் பதின்மூன்று ஆண்டுகளே ஆர்பனை ஆசிரியராக உருவாக்கின என்று கருத இடமுண்டு. அவரிடம் வந்தவர்கள் இசைக் குடும்பங்களில் பிறந்து சிறுவயது முதல் பயின்ற மேதைகள் அல்லர். படைப்பிரிவுகளிலிருந்து அனுப்பப்பட்ட வீரர்கள். குறிப்பிட்ட காலம் பயின்றபின் தத்தம் பிரிவுக்குத் திரும்பி, அங்குள்ளவர்களுக்குத் தாங்களே கற்பிக்க வேண்டியவர்கள். இத்தகைய மாணவரிடம் நான் வாசிப்பதைப் பார்த்துச் செய் என்று சொல்வது மட்டும் போதாது. ஒவ்வொரு நுட்பத்தையும் சிறு கூறுகளாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசைப்படுத்தி, ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் பின்பற்றத்தக்கவாறு தாளில் எழுதித் தரவேண்டும்.

பெரும் பயிற்சி நூல்

அவ்வாறு எழுதித் தந்ததே 1864 இல் பாரிசின் லெயோன் எசுக்குதியே பதிப்பகம் வெளியிட்ட நூலாகும். வெளியீட்டுக்குமுன் கன்சர்வேட்டரியின் இசைக் கல்விக் குழு இதை ஆராய்ந்து ஏற்பளித்தது. அந்த அறிக்கையில் கையொப்பமிட்டோருள் கல்லூரித் தலைவர் ஓபேர், ஓப்பெரா இசையமைப்பாளர் மெயர்பேர், ஆம்புருவாசு தோமா ஆகியோர் இருந்தனர். ஆர்பனின் ஆசிரியர் தோவெர்னேயின் பெயரும் அதில் உள்ளது.

நூலின் அமைப்பு பின்வருமாறு செல்கிறது. முதலில் ஒலியை எழுப்புதல், நீண்ட சுரங்கள், தாளப் பயிற்சிகள். அடுத்து நாக்கால் பிரிக்காமல் சுரங்களை இழைத்து வாசிக்கும் பயிற்சிகள். இவற்றில் வால்வுகளை மாற்றாமல் உதடுகளை மட்டும் கொண்டு ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பாடங்கள் மிகுதி. பின்பு எல்லாச் சுருதிகளிலும் சுரவரிசைகள், அரைச்சுர வரிசைகள், அணிகள், இடைவெளிப் பயிற்சிகள் ஆகியன. அதன் பின்னரே நாக்கு வீச்சு வருகிறது. இங்கு ஆர்பன் இரட்டை வீச்சுக்கு முன்பாக து-து-கு என்னும் மூன்றசை வீச்சைக் கற்பிக்கிறார். மூன்றாம் அசையில் மட்டும் நாக்கின் பின்பகுதி வேலை செய்வதால் பழக்கமில்லாத அந்த அசைவு மெல்லப் பிடிபடும். கணிதப்படி பார்த்தால் இரண்டு முதலில், மூன்று பிறகு என்பதே வரிசை. நாக்குக்கு எது எளிது என்பதை நோக்கி வகுத்த வரிசை இது.

நுட்பப் பயிற்சிகளோடு நூல் நின்றுவிடவில்லை. ஓப்பெராக்களிலிருந்தும் மக்களிடையே வழங்கிய பாடல்களிலிருந்தும் எடுத்த 150 மெட்டுகள், இருவர் சேர்ந்து வாசிப்பதற்கான 68 உருப்படிகள், பதினான்கு பண்புப் பயிற்சிகள், கச்சேரிக்குரிய பன்னிரண்டு கற்பனை உருப்படிகள் ஆகியவையும் உள்ளன. இருவர் உருப்படிகள் ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பதற்கு உகந்தவை. தாளமும் சுருதியும் சேர்வதைச் சொல்லிக் கொடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

பதினான்கு பண்புப் பயிற்சிகளுக்கு முன்னுரையாக ஆர்பன் எழுதியுள்ள பகுதி கவனிக்கத்தக்கது. எழுத்து மூலம் கற்பிக்கும் தமது பணி இந்த இடத்தில் முடிவடைகிறது என்று அவர் அறிவிக்கிறார். வாயால் சொன்னால் தெளிவாக இருக்கும் சில செய்திகள் தாளில் எழுதினால் குழப்பத்தையே தரும் என்பது அவர் கருத்து. நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதிய ஒருவர் தம் நூலின் எல்லை எதுவென்று அந்நூலிலேயே குறித்திருக்கிறார்.

இந்த எல்லைக்கு ஓர் எடுத்துக்காட்டு நூலின் தொடக்கத்திலேயே உள்ளது. ஊதுவாயில் மூன்றில் இரு பங்கு கீழுதட்டிலும் ஒரு பங்கு மேலுதட்டிலும் அமையவேண்டும் என்று ஆர்பன் கூறுகிறார். இது தாம் கைக்கொண்ட முறை என்றே அவர் சொல்லியிருந்தாலும், நூலைக் கொண்டு தாமாகவே பயின்றோர் பலர் இதை மாற்றமுடியாத விதியாகக் கொண்டனர். உதட்டின் தடிப்பும் பல்லின் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஒருவருக்குப் பொருந்திய இடம் இன்னொருவருக்குப் பொருந்தாமல், சில ஆண்டுகளில் உதடு களைத்து மேல் சுரங்கள் எட்டாமற் போவதுண்டு. பிற்கால ஆசிரியர்கள் பலர் இந்த அறிவுரையிலிருந்து விலகி, மேலுதட்டுக்கு அதிகப் பங்கு தருவதையோ அவரவர் வாயமைப்புக்கு ஏற்ப விடுவதையோ விரும்பினர். மாணவரின் முகத்தைப் பார்க்கும் ஆசிரியரால் உடனே திருத்தக்கூடிய இத்தவற்றை நூலால் திருத்த இயலாது.

கன்சர்வேட்டரி வகுப்பும் உருசியப் பயணங்களும்

தோவெர்னே ஓய்வு பெற்றபின், 1869 சனவரி 23 அன்று கன்சர்வேட்டரியில் கார்னெட்டுக்கெனத் தனி வகுப்பு தொடங்கப்பட்டு அதன் முதல் பேராசிரியராக ஆர்பன் பொறுப்பேற்றார். டிரம்பெட் வகுப்பு ழூல் செர்க்ளியே என்பவரிடம் சென்றது. தெருவோரக் கருவி என்று இகழப்பட்ட கார்னெட், நாட்டின் தலைமை இசைக் கல்லூரியில் டிரம்பெட்டுக்கு இணையான இடத்தைப் பெற்றது. ஆர்பன் இதற்காகச் செலவிட்ட காலம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகும்.

எனினும் அவர் அந்த இடத்தில் தொடர்ந்து இருக்கவில்லை. சென் பீட்டர்ஸ்பர்க் நகரில் இசை நிகழ்ச்சிகளை நடத்த அவருக்கு அழைப்புகள் வந்தன. அவற்றுக்காக அவர் நீண்ட காலம் பாரிசைவிட்டு வெளியே இருக்கவேண்டியிருந்தது. கல்லூரிப் பணியும் பயணமும் ஒத்துவராததால் 1874 இல் பதவியிலிருந்து விலகினார். ழாக் இப்போலித் மோரி என்பவர் வகுப்பை ஏற்றார். பேராசிரியர் சம்பளத்தைவிட நடத்துனர் தொழிலில் வருவாயும் புகழும் அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வகுப்பில் பாதிப் படிப்பில் இருந்த மாணவர்களுக்கு அது இழப்பே. 1880 இல் ஆர்பன் மீண்டும் அதே பதவிக்கு வந்து இறக்கும் வரை கற்பித்தார்.

கார்னெட்டைச் செம்மையாக்கும் முயற்சி

1880களில் ஆர்பன் கருவியின் அமைப்பில் உள்ள ஒரு குறையைத் தீர்க்க முயன்றார். மூன்று வால்வுகளை எட்டு விதமாக அழுத்தலாம். முதலிரண்டும் சேர்ந்து தரும் தாழ்வும் மூன்றாவது தனியே தரும் தாழ்வும் ஒன்றே என்பதால் உண்மையில் கிடைப்பவை ஏழு குழல் நீளங்கள். முதல் வால்வு ஓசையை இரண்டு அரைச்சுரங்கள் தாழ்த்தக் குழலின் நீளத்தை ஏறத்தாழ 12.2 விழுக்காடு கூட்டவேண்டும். மூன்றாவது வால்வு மூன்று அரைச்சுரங்கள் தாழ்த்த 18.9 விழுக்காடு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கூடுவது 31.1 விழுக்காடு. ஐந்து அரைச்சுரங்கள் தாழ்வதற்குத் தேவையானதோ 33.5 விழுக்காடு. குழல் குறைவாக இருப்பதால் ஓசை சற்று உயர்ந்து சுருதி விலகும். மூன்றையும் அழுத்தும்போது இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். பிழை வாசிப்பவருடையது அன்று, கணக்கிலேயே உள்ளது.

இதை ஈடுசெய்யும் கார்னெட் வடிவங்களை ஆர்பன் பூவே என்பவருடன் இணைந்து உருவாக்கினார். இவை பரவலாக ஏற்கப்படவில்லை. உதட்டாலும், குழலின் நகரும் பகுதியை விரலால் சற்று இழுத்தும் சுருதியைச் சரிசெய்யும் எளிய முறையே இன்றுவரை நிலைத்துள்ளது. இதற்கு மாறாக, அந்துவான் குர்த்துவா நிறுவனம் ஆர்பனின் பெயரால் விற்ற வழக்கமான கார்னெட்டுகள் நன்கு விலைபோயின.

மாணவர் வழி

ஆர்பனின் மாணவர்களுள் டிரம்பெட் வரலாற்றைத் திருப்பியவர் மெரி பிராங்கேன் (1848 - 1934) ஆவார். தென் பிரான்சின் லான்சோன் என்னும் ஊரில் பிறந்த இவர், 1870களின் தொடக்கத்தில் பாரிசுக்கு வந்து ஆர்பனின் வகுப்பில் சேர்ந்தார். ஆர்பன் பதவி விலகியபின் மோரியிடம் படிப்பைத் தொடர்ந்து 1877 இல் முதற் பரிசு பெற்றார். 1894 இல் செர்க்ளியேவுக்குப் பின் கன்சர்வேட்டரியின் டிரம்பெட் பேராசிரியராகி, 1925 வரை அப்பதவியில் இருந்தார்.

பிராங்கேன் பொறுப்பேற்றபோது டிரம்பெட்டின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. நீண்ட குழலுடைய பழைய எஃப் டிரம்பெட் வாசிக்கக் கடினமானது. ஆகவே இசைக்குழுக்களில் டிரம்பெட்டுக்கென எழுதப்பட்ட பகுதிகளையும் பலர் கார்னெட்டிலேயே வாசித்து வந்தனர். ஒருவகையில் இது ஆர்பனின் வெற்றியின் விளைவே. அவருடைய வகுப்பிலிருந்து வந்த பிராங்கேன், கார்னெட் டிரம்பெட்டின் இடத்தைப் பிடிப்பதை எதிர்த்தார். குட்டையான சி டிரம்பெட்டைப் பயன்படுத்தினால் கார்னெட்டின் விரைவும் டிரம்பெட்டின் ஒலியும் ஒருங்கே கிடைக்கும் என்று வலியுறுத்தி, அதையே தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். அந்த விரைவுக்கு வேண்டிய நாக்கு வீச்சும் உதட்டுப் பயிற்சியும் ஆர்பனிடமிருந்து வந்தவை. ஆசிரியரின் கருவியைக் கைவிட்டு, ஆசிரியரின் கலையை எடுத்துச் சென்றார் எனலாம். ருமேனிய இசையமைப்பாளர் சார்ச் எனெசுக்கு 1906 இல் கன்சர்வேட்டரித் தேர்வுக்காக எழுதிய லெஜண்டு என்னும் உருப்படி பிராங்கேனுக்கே காணிக்கையாக்கப்பட்டது. மென்மையும் வேகமும் மாறிமாறி வரும் அந்த உருப்படியை வாசிக்கக்கூடிய டிரம்பெட் மாணவர்கள் அவ்வகுப்பில் உருவாகிவிட்டனர் என்பதற்கு அதுவே சான்று.

பிராங்கேனின் மாணவர் ஜார்ஜ் மாழே அமெரிக்கா சென்று 1919 இல் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவில் சேர்ந்தார். 1920 முதல் 1950 வரை அதன் முதன்மை டிரம்பெட் கலைஞராக இருந்தார். அமெரிக்க இசைக்குழுக்களில் சி டிரம்பெட் பரவ அவரே முதற்காரணம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் பயின்ற அடோல்ப் ஹெர்செத் (1921 - 2013), மாழேயிடமும் பாடம் கேட்டவர். ஹெர்செத் 1948 முதல் 2001 வரை சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவின் முதன்மை டிரம்பெட் கலைஞராக இருந்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே இருக்கையில் அமர்ந்து வாசித்த இவரது ஒலியைக் கேட்டே அமெரிக்கப் பித்தளைக் கருவிக் கலைஞர்களின் ஒரு தலைமுறை வளர்ந்தது. படைவீரர்களுக்குப் பாடம் எழுதிய ஆர்பனுக்கும் இவருக்கும் இடையே உள்ளவர்கள் இருவர் மட்டுமே.

ஒரு சுரங்கத் தொழிலாளி

ஆர்பனின் செல்வாக்கை வேறொருவர் வாழ்க்கை இன்னும் தெளிவாகக் காட்டும். மொரீசு ஆந்திரே (1933 - 2012) தென் பிரான்சின் அலெசு நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். தந்தை ஓய்வு நேரத்தில் டிரம்பெட் வாசிப்பவர். மகனும் பதினான்காம் வயதில் சுரங்க வேலைக்குச் சென்றார். தந்தையின் நண்பரும் பிராங்கேனிடம் பயின்றவருமான லெயோன் பார்த்தெலெமி, சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பாரிஸ் கன்சர்வேட்டரிக்குச் செல்லவேண்டும் என்று அறிவுறுத்தியவரும் அவரே. குடும்பத்தால் அச்செலவைத் தாங்க இயலாது. படைத்துறை இசைக்குழுவில் சேர்ந்தால் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதால் ஆந்திரே அவ்வழியே கல்லூரிக்குள் நுழைந்தார். படைவீரராக வந்து கன்சர்வேட்டரியில் படித்த ஆர்பனின் மாணவர்கள் நினைவுக்கு வருவது இயல்பே.

முதலாண்டில் பேராசிரியர் ரேமோன் சபரிச் இவரிடம் நிறைவு கொள்ளவில்லை. போதிய அளவு உழைக்கவில்லை என்று கடிந்து, நன்றாக வாசிக்க முடியும்போது திரும்பி வருமாறு வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டார். சில வாரங்கள் கழித்து ஆந்திரே வந்தார். ஆர்பன் நூலின் பிற்பகுதியில் உள்ள பதினான்கு பண்புப் பயிற்சிகளையும் பிழையின்றி வாசித்து முடித்தார். ஒன்றை வாசிக்கவே உதடு தளர்ந்துவிடும் இப்பயிற்சிகளைத் தொடர்ந்து வாசிப்பது எத்தகைய செயல் என்பதை டிரம்பெட் மாணவர்கள் அறிவர். மொரீசு ஆந்திரே உருவானது அன்றுதான் என்று சபரிச் பிற்காலத்தில் கூறியதாகச் சொல்வர்.

ஆந்திரே 1952 இல் கார்னெட்டிலும் 1953 இல் டிரம்பெட்டிலும் கன்சர்வேட்டரியின் பரிசுகளைப் பெற்றார். பின்னர் பரோக் கால இசையைச் சிறிய பிக்கோலோ டிரம்பெட்டில் வாசித்து, டிரம்பெட்டைத் தனிக்கச்சேரிக் கருவியாக உலக மேடைகளில் நிலைநிறுத்தினார். அவர் கன்சர்வேட்டரியின் பேராசிரியராகவும் விளங்கினார்.

நூல் வழி மாணவர்கள்

ஆர்பனை நேரில் காணாத, அவர் வழிவந்த ஆசிரியரிடமும் பயிலாத மாணவர்களின் தொகையே மிகப் பெரியது. அமெரிக்காவில் சூசாவின் இசைக்குழுவில் தனிக் கார்னெட் கலைஞராகப் புகழ்பெற்ற எர்பர்ட்டு கிளார்க்கு (1867 - 1945) இந்நூலைக் கொண்டு பயின்றவர். இவர் பின்னர் எழுதிய நுட்பப் பயிற்சிகள் நூல் ஆர்பனுக்கு அடுத்தபடியாக இன்றும் வழக்கில் உள்ளது. வெனிசு நகரத் திருவிழா மெட்டுக்கு இவரும் தம் பங்குக்கு மாறுபாடுகள் எழுதினார்.

ஆர்பன் நூலை எட்வின் பிராங்கோ கோல்டுமன், வால்ட்டர் சுமித்து ஆகியோர் திருத்தி 1936 இல் வெளியிட்ட கார்ல் பிஷர் பதிப்பு அமெரிக்கப் பள்ளிகளில் பெரிதும் பரவியது. இதையே 1982 இல் கிளாடு கார்டன் தம் குறிப்புகளுடன் மீண்டும் பதிப்பித்தார். டிரம்போன், யூபோனியம், டியூபா ஆகிய கருவிகளுக்கும் இந்நூல் மாற்றி எழுதப்பட்டுள்ளது. செவ்வியல் இசையில் மட்டுமன்றி ஜாஸ் இசையிலும் இதைக் கொண்டு பயின்றோர் பலர். நியூ ஓர்லியன்சைச் சேர்ந்த விண்டன் மார்சாலிசு, ஈஸ்ட்மன் காற்றிசைக் குழுவுடன் 1987 இல் வெளியிட்ட கார்னவல் என்னும் இசைத்தட்டில், ஆர்பனின் வெனிசு மாறுபாடுகளைக் கார்னெட்டில் வாசித்துள்ளார்.

இந்நூலின்மேல் குறைகளும் கூறப்படுவதுண்டு. பயிற்சிகள் பெரும்பாலும் எளிய சுருதிகளில் உள்ளன. இருபதாம் நூற்றாண்டு இசைக்கு வேண்டிய சமனற்ற தாளங்களும் மிக உயர்ந்த சுரங்களும் இல்லை. எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்பது போதிய அளவு சொல்லப்படவில்லை. இவை நியாயமானவையே. அதனால்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் இதை முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை வரிசையாக நடத்துவதில்லை. ஒவ்வொரு நாளும் இழைப்புப் பயிற்சியில் ஒன்று, சுரவரிசையில் ஒன்று, நாக்கு வீச்சில் ஒன்று எனப் பல பகுதிகளிலிருந்து எடுத்துத் தருகின்றனர்.

மறைவு

ஆர்பன் 1889 ஏப்ரலில் பாரிசில் காலமானார். ஈபெல் கோபுரத்தை மையமாகக் கொண்ட உலகக் கண்காட்சி அந்நகரில் தொடங்கியது அடுத்த மாதமாகும். அவருக்குப்பின் கார்னெட் வகுப்பை ழான் மெல்லே ஏற்று 1910 வரை நடத்தினார்; அவரை அடுத்து அலெக்சாந்தர் பெத்தி 1925 வரை நடத்தினார். நூலின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகள் காப்புரிமைக் காலத்தைக் கடந்துவிட்டதால், அவற்றின் படிகள் இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பெறும்படி கிடைக்கின்றன. பதினான்கு பண்புப் பயிற்சிகளும் அவற்றில் உள்ளன.